தண்டவாளத்தில் ஒரு தகர வில்லை

“...தகரம்லே அது, வெறும் தகரம். கடல்ல கெடக்குறதயெல்லாம் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்காம கடப்பாரையப் போடு” என்றார் மேஸ்திரி. முழங்கால் தண்ணீரில் இருவரும் குனிந்து நின்றோம். துருவேறிய தண்டவாளத்தின் தலையில் தைல டப்பா மூடி அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அதன் அடியை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

புயலுக்குப் பிறகு வந்த பங்குனி அது. தனுஷ்கோடிப் பக்கத்து ரயில் லைன் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. கடல் வற்றுகிற நாட்களில் மட்டும், கயிற்றேணியை யாரோ விரித்துப் போட்டதுபோல, கட்டைகளோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெரியும். இரும்பைக் கழற்றி எடுக்க ஒரு காண்டிராக்டர் வந்தார். லைன் வேலை தெரிந்தவர்கள் என்று, பழைய கேங்கில் உயிரோடு மிஞ்சிய எங்களையே கூலிக்கு வைத்தார். பழைய மேஸ்திரிதான் அங்கேயும் மேஸ்திரி. அவர் வாயைத் திறந்தால் பாரம் தெரியாது. போல்ட்டை மெதுவாகத் திருகுகிறவனைப் பார்த்து, “ஏலே, கழட்டச் சொன்னா தாலாட்டுறியே, அது தூங்கிறப் போவுது” என்பார். அந்தப் பேச்சுக்காகவே அவர் பின்னால் திரிந்தவன் நான். புயலில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்து மணல்மேட்டில் போட்டதும் அவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கேங்கில் கீமேனாக இருந்தவரை அண்ணன் என்போம். சுத்தியலும் தோளில் வெடிப்பெட்டியுமாகத் தினமும் லைன் நெடுக நடப்பது அவர் வேலை. வெடி என்பது இந்தத் தகர வில்லைதான். முன்னால் பாதை கெட்டிருந்தால் அதைத் தண்டவாளத்தின் மேல் கட்டவேண்டும். சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் வண்டியை நிறுத்துவார். கட்டியவன் வண்டி வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. அண்ணன் கடற்கரைக்காரர், வலை முடிந்த கை. நாங்களெல்லாம் வில்லையைக் கட்டும் ஈயப் பட்டையை ஒரு மடிப்பு மடித்து விடுவோம். அவர் இரண்டாக மடித்து, இடப்பக்கமாக ஒரு முறுக்கும் போடுவார். “வண்டி வர்றதுக்குள்ள காத்து வந்து அவுத்துரும்டா தம்பி” என்பார்.

காற்று கூடினால் லைனுக்கு இரண்டு பேராகப் போகவேண்டும் என்பது சட்டம். புயலன்று மாலை அண்ணனோடு போகவேண்டியவர் மேஸ்திரி. அண்ணன் திரும்பவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை. விசாரணையில் மேஸ்திரி சொன்னார்: “அவன் லைனுக்கே வரலைங்கய்யா. நான் போயி தேடிப் பாத்துட்டேன். கப்பத்துறைப் பக்கம் போனவன்தான்.” அந்தப் பேச்சு ஊருக்குள் நுழைந்து, அண்ணன் எவளோடோ சிலோனுக்குக் கப்பலேறிவிட்டார் என்று ஆனது. “எம்மகன் சாகலடி, ஓங்கூட வாழப் பிடிக்காமப் போயிட்டான்” என்று அண்ணன் மனைவியை, எங்கள் மதினியை, அவருடைய மாமியார் தெருவில் நிறுத்திக் கேட்டார். அண்ணன் பேரில் ஒரு பூசை, கல்லறையில் ஒரு சிலுவை, மதினி கேட்டது அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி வைப்பது என்று வீட்டார் ஒப்பவில்லை. மதினி மணலில் ஊற்றுத் தோண்டி, எங்களுக்குக் குடிதண்ணீர் சுமக்கிற வேலைக்கு வந்தார். தண்ணீர் வற்றி லைன் தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகவே வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரைக் கண்டால், “சிலோன்லேருந்து கடுதாசி வந்துச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது நான் உச்சிப்புளியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். மேஸ்திரி இறந்தபோது கோயில் மணி நெடுநேரம் அடித்தது. அவருக்குப் பளிங்கில் சிலுவை இருக்கிறது. மதினி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, அதோடுதான் புதைத்தார்கள். மதினியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேஸ்திரி என்னைக் காப்பாற்றியவர் என்று சொல்லிக்கொள்கிறேன், கூலி போய்விடும் என்று பயந்ததையும் அதற்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறேன்.

அன்று அந்த வில்லையின் அடியில் ஈயப் பட்டை இரண்டாக மடிந்திருந்தது. இடப்பக்கமாக ஒரு முறுக்கு. வெடிக்கவில்லை, அந்த இடம்வரை எந்த வண்டியும் வந்து சேரவில்லை. அண்ணன் லைனுக்கு வந்திருக்கிறார், அங்கேதான் நின்றிருக்கிறார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கரையைப் பார்த்தார். குடத்தோடு மதினி தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அது வெறும் தகரம் என்று சொன்னார்.

நான் கடப்பாரையை எடுக்கவில்லை. அவரே குனிந்தார். தடுமாறாமல், நேராக வலப்பக்கம் திருப்பி அந்த முறுக்கைப் பிரித்தார். மடிப்பை நிமிர்த்தி, வில்லையை உருவி, ஆழத்தை நோக்கி வீசினார்.

“என்னங்கண்ணே அது?” என்றார் மதினி, கிட்டே வந்து.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. தவிச்சுப் போச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்து.”

விரலில் ஒட்டிய துருவைக் கைலியில் துடைத்துவிட்டு, மதினியின் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். மதினி குடத்தைச் சாய்த்தார். மேஸ்திரி நிதானமாக, தாகம் தீரும் மட்டும் குடித்தார்.