காணும் பொங்கலன்று கோர்ட்டு லீவு

மனைவியும் நானும் பிரிந்த பிறகு, மகளை நான் பார்க்கலாம் என்று ஓசூர் கோர்ட்டு உத்தரவு போட்டது. சனிக்கிழமை காலை, கோர்ட்டு வளாகத்திலேயே, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டினேன்.

வேலை எல்லைக்கு அந்தப்பக்கம், அத்திப்பள்ளியில். கம்பெனி லீவெல்லாம் கர்நாடகக் கணக்கு. சங்கராந்திக்கு ஒரே நாள், மறுநாள் ஷிப்ட். தனியாக ரூமில் கிடப்பவனுக்கு மாட்டுப் பொங்கல் ஏது, காணும் பொங்கல் ஏது? அந்தச் சனிக்கிழமையும் சூப்பர்வைசரிடம் கெஞ்சி பர்மிஷன் வாங்கி, பஸ் பிடித்து ஓடினேன்.

கேட்டில் பூட்டு.

"என்னாண்ணா, பொங்கலு கூடத் தெரியாதா? கோர்ட்டு லீவுண்ணா" என்று சிரித்தார் வாட்ச்மேன்.

எனக்குக் கோபம் மூக்கு மேல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். ஜட்ஜ் கொடுத்ததைக் காலண்டர் பிடுங்கிக்கொண்டது. இனி அடுத்த சனிக்கிழமை வரைக்கும் என்ன செய்வேன்? கேட்டை ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

அப்போது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பட்டுப்பாவாடையும் கையில் கரும்புத் துண்டுமாக மகள் குதித்தாள். பின்னாலேயே அவள் அம்மா.

"லீவுன்னு தெரியாதா உனக்கு?" என்றேன். கடுகடுப்பு இன்னும் அடங்கவில்லை.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. உங்க கம்பெனிக்காரன் ஒரு நாளுதான விடுவான்? பாவம், வந்து நிப்பீங்கன்னு தோணுச்சு."

போனில் பேசக்கூடாது என்று இரண்டு வக்கீலும் சொல்லியிருந்தார்கள். அதனால் நேராகவே கூட்டி வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ச்மேன் பார்க்கக்கூடாதே என்று மகளைத் தூக்கி, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

எதிர் டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மற்ற சனிக்கிழமைகளில் மகளின் அம்மா கோர்ட்டு வராந்தாவில் தள்ளியே உட்காருவாள். இன்று பக்கத்தில் இருந்து, கரும்பைக் கடித்துத் துண்டாக்கி மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் கோர்ட்டு லீவாப்பா?" என்றாள் மகள்.

"ஞாயித்துக்கிழமைடா கண்ணு. லீவுதான்."

"ஐ! அப்ப நாளைக்கும் வாப்பா."

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"வீட்டுக்கே வாங்க" என்றாள். "பத்து மணிக்கு மேல வாங்க. எங்கப்பா கோயிலுக்குப் போயிருப்பாரு."

சரி என்றேன்.