பைக்குள் இருந்த தேதி

என் வீட்டு முன்னறை ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. பல மாதங்களாக நான் அதைத் தொடவில்லை. தினமும் தூசி தட்டுகிற என் மனைவியும் அதை மட்டும் விட்டுவிடுகிறாள்.

காரைக்குடியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் பொழுது போகாமல் பை என்ற எண்ணின் இலக்கங்களை மனப்பாடம் செய்தேன். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று தொடங்கி முடியவே முடியாமல் போகும் எண், அதுதான். ஆயிரம் இலக்கம் வரை வந்தது. வெறுமனே ஒப்பித்தால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? அதனால் அதை மனசைப் படிக்கிற வித்தையாக்கிவிட்டேன்.

மேடையில் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டி, "உங்க எல்லாரோட நம்பரும் இந்தப் பைக்குள்ள இருக்கு" என்பேன். படித்தவர்கள் சிலேடையைப் பிடித்துச் சிரிப்பார்கள். பைக்குள் இலக்கங்கள் அச்சிட்ட தாள்கள் இருக்கும். சரிபார்க்கக் கூட்டத்தில் கொடுத்துவிடுவேன். யாராவது நாலு இலக்க எண் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடி நெற்றியைத் தடவி, அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறதென்று சொல்வேன். பத்துக்கு ஒன்பது எண்கள் என் ஆயிரத்துக்குள் வராது. அப்போது, "உங்க மனசு இன்னும் தொறக்கலை" என்று அவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். வித்தை அவ்வளவுதான்.

கடந்த மார்ச்சில், என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் வீட்டு நிக்காஹ்வில் இதைச் செய்தேன். "பிரியாணி எப்ப வரும்னும் பையில பாத்துச் சொல்லுங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மண்டபமே சிரித்தது. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் எழுந்தாள்.

"மூணு நாலு ரெண்டு ஒண்ணு."

எனக்குச் சந்தோஷம். அது முதல் நூறுக்குள்ளேயே வருவது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தொண்ணூற்றோராவது இடம் என்றேன். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் உட்காரவில்லை.

"அது எங்க வீட்டுக்காரவுக பாஸ்போர்ட்டு நம்பரோட கடைசி சார். சபர் போயி ரெண்டு வருசமாச்சு. மூணு மாசமா போனு இல்ல. எப்ப வருவாகன்னு அந்தப் பைக்குள்ள பாத்துச் சொல்லுங்க."

பிழைப்புக்குக் கடல் தாண்டுவதை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் சபர் என்பார்கள். பக்கத்திலிருந்த அவளுடைய அண்ணன் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு புள்ள. அதான் நாளைக்கிக் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறோம்ல?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் கையிலிருந்த துணிப்பையை. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது பிறகு தெரிந்தது. அவளுக்குப் பை என்றால் அதுதான். "இது வெறும் கணக்கும்மா" என்ற வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. ஆனால் மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அந்த அமைதி எனக்கு இனித்தது. அடுத்த நாலு இலக்கங்கள் நாக்கில் தயாராக இருந்தன: ஒன்று, ஏழு, சைபர், ஆறு.

"ஜூன் பதினேழு" என்றேன்.

பத்து நாள் கழித்து அவளுடைய அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். "மனுவுல கையெழுத்துப் போட மாட்டேங்குறா சார். தேதி தெரிஞ்ச பொறவு எதுக்கு அலையணுங்குறா. பொண்டாட்டி கையெழுத்து இல்லாம முடியாதுங்குறாக. நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா கேப்பா."

"பாக்குறேன்" என்றேன். போகவில்லை. ஜூன் ஒன்றும் தூரமில்லை, அதற்குள் அந்த மனிதரே போன் செய்துவிடுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஜூன் பதினெட்டாம் தேதி காலையில் அவளே வந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"தப்பு என்னோடதுதான் சார். அவசரத்துல முழுசாக் கேக்காம விட்டுட்டேன். அதுக்கு அங்குட்டு என்ன நம்பரு இருக்கு?"

"ஏழு, ஒம்பது" என்றேன். பொய் இல்லை, அதுதான் இருக்கிறது.

"இன்னும் எழுபத்தொம்பது நாளா!" என்று சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசலிலிருந்து தெருமுனை வரை நாற்பது தப்படி இருக்கும். அவள் நிதானமாகத்தான் நடந்தாள். நான் கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "ஆயிரம் நம்பரு மனப்பாடம். தெரியாதுங்குற ஒரு வார்த்த மட்டும் வாயில வராதாக்கும்."

அந்தக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் மறுபடி வந்தார். உட்காரவில்லை. மாப்பிள்ளை ஜனவரியிலிருந்தே அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சு விழுந்து கிடந்திருக்கிறார். யாரென்று சொல்ல ஆளில்லை. இறந்த பிறகுதான் ஊர்க்காரர் ஒருவர் அடையாளம் கண்டிருக்கிறார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"மனு போயிருந்தா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடியிருப்பாக சார்."

அப்போதுதான் சொன்னேன். அது வட்டத்தின் கணக்கு, அதில் யாருடைய தேதியும் இல்லை, எல்லாம் நான் கூட்டத்துக்காகச் செய்தது என்றேன்.

"இதை அன்னைக்கே மைக்குல சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஆணியில் தொங்கிய பையைக் காட்டினார். "அவ என்ன சொல்றா தெரியுமா? சாருக்கு மொதல்லயே தெரியும், எம் மனசு நோகக் கூடாதுன்னு மறைச்சிருக்காகங்குறா."

இப்போதே வருகிறேன் என்று சட்டையை எடுத்தேன்.

"இத்தா இருக்கா சார், புருசனுக்குத் துக்கம். நாலு மாசம் பத்து நாளு, வெளியாம்பள முன்னால வர மாட்டா. நாஞ் சொன்னா நம்பவும் மாட்டா. முடியட்டும். நீங்களே வந்து உங்க வாயால சொல்லுங்க."

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். ஆனால் போன வாரம் அவள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு பாஸ்போர்ட் நகலோடு. அந்தப் பையில் ஒன்றுமே இல்லை என்று அவர்களிடம் பச்சையாகச் சொன்னேன். தாள்களைக்கூட எடுத்துக் காட்டுவதாகச் சொன்னேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படியிறங்கும்போது ஒருத்தி மற்றவளிடம் சொன்னது கேட்டது.

"நம்ம மனசு இன்னும் தொறக்கல போல. பொறவு ஒரு நாளைக்கி வருவோம்."