வெட்டி எடுத்த மலையேற்றம்

எண்பதுகளின் தொடக்கத்தில், சந்தவாசல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் நான் ஆபரேட்டர். ஒரு படத்துக்கு இரண்டாம் நாளே கொட்டகையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கதாநாயகி கைக்குழந்தையோடு மலையேறும் காட்சி ஒன்று. பாட்டு கிடையாது, வசனம் கிடையாது, ஏறிக்கொண்டே இருப்பாள். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். முதலாளி வெட்டச் சொன்னார். வெட்டி, துண்டைப் பெட்டியில் போட்டுவைத்தேன்.

அதே படத்தை மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூரில் சந்தை நாளில் திரை கட்டி ஓட்டினோம். படம் முடிந்ததும், சாமை விற்க வந்திருந்த ஒரு பெண் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னாங்க இது? கீழ நின்னவ திடீர்னு மேல நிக்கிறா. கொயந்தய தூக்கிக்கினு எப்டி ஏறினா? அதக் காட்டவே இல்லியே!”

“ரொம்ப நீளம்மா, அதான் எடுத்துட்டோம்.”

“மல நீளமாத்தான இருக்கும்?”

மறுநாள் அங்கேயே துண்டை ஒட்டி ஓட்டினேன். யாரும் கூச்சல் போடவில்லை. பாதி வழியில் கதாநாயகி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பின்னால் நின்றிருந்த பெண்களும், தங்களை அறியாமல், தங்கள் குழந்தைகளை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள்.

மலையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் படம் எங்கும் போணியாகவில்லை. ஆனால் ஒரு படம் ஓடவில்லை என்று யாராவது சொன்னால், ‘எந்த ஊரில்?’ என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.