திரையில் தேங்கிய என் ரத்தம்

சுரங்கத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்தேன். ஒரு நாள் ஏணியில் நிற்கும்போது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. இறங்கி உட்கார்ந்தேன். கூட இருந்தவர்கள் வாயு என்றார்கள். நானும் அப்படியே நம்பி மாதக்கணக்கில் ஓட்டினேன்.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் என் மனைவி அந்தோணியம்மாள் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது) என்றார்கள். அந்த மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஸ்கேன் படங்களை வைத்து நோயாளியின் இதயத்தைக் கணினியில் உருவாக்கி, அதற்குள் ரத்தம் எப்படி ஓடும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். என் இதயத்தின் படங்களையும் அதற்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தேன்.

சில வாரம் கழித்து மருத்துவர் திரையில் காட்டினார். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை. மற்ற இடங்களில் சிவப்பாகப் பாய்ந்த ரத்தம் அதற்குள் போனதும் நீலமாகி அசையாமல் நின்றது.

“இங்க ரத்தம் தேங்குது. தேங்கினா உறையலாம்.”

“அதுக்கு மாத்திரை இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“இருக்கு. ஆனா வயசு, பிரஷர், சுகர் எல்லாம் பாத்துதான் குடுப்போம். உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த மாத்திரையால ரத்தக்கசிவு வரலாம். இது இன்னும் ஆராய்ச்சிதான், இத நம்பி எழுத முடியாது.”

ஒன்றும் இல்லை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு எங்கள் ஊரான வடக்குத்துக்குத் திரும்பினோம்.

மழைக்காலத்தில் ஒரு காலை, விரல்களிலிருந்து இட்லி நழுவியது. எடுக்க நினைத்தேன், கை வரவில்லை.

“இன்னாங்க, வாய் ஏன் கோணிக்கினு போவுது?” என்று அந்தோணியம்மாள் கத்தினாள்.

பதில் தலைக்குள் முழுதாக இருந்தது. வாயில் வந்தது உளறல். பக்கவாதம் (இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் குழாயை அடைத்திருந்தது). அதன் பிறகு அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். பேச்சு பாதி திரும்பியது. வலக்கை திரும்பவில்லை. வேலையில் என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது அதே மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கம்ப்யூட்டர் காட்டினது சரியா இருந்திருக்கு. இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டா, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.”

“சரியா இருந்து இன்னா சார் புண்ணியம்? பாத்துக்கினே உட்டுட்டீங்களே,” என்றாள் அந்தோணியம்மாள்.

எந்த விதியையும் அவர் மீறவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கோபப்படக்கூட ஆள் இல்லை.

“எ...டுங்க,” என்றேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். போன கை சும்மா போனதாக இருக்கக்கூடாது என்கிற பிடிவாதம்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘ஒன்றும் இல்லை’ என்றால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

இப்போது ஒரு வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் தன் சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார். அது நான் சொல்ல வந்தது இல்லை. திருத்துவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. வலக்கையில் ஈ உட்கார்ந்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். விரட்ட இடக்கை வந்து சேர்வதற்குள் அது பறந்துவிட்டிருக்கிறது.