வெள்ளித்தாள் தாடி

ஓர் அகப்பைக் காம்பு. அதன்மேல் பின்னல் பின்னலாகச் சுற்றிய அலுமினியத் தாள். நுனியில் நாய்வால் போல ஒரு வளைவு. மேல்முனையில் கறுப்பு நாடா, அந்த நாடாவில் ஒரு முடிச்சு. மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் அண்ணை வீட்டுப் பனிச்சப்பாத்து அலுமாரியைப் போன மாதம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பழைய பிஸ்கற் தகரப்பேணி ஒன்றுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. பார்க்கிறவர்கள் கரண்டி என்பார்கள், குழந்தைப்பிள்ளைச் சாமான் என்பார்கள். எனக்கோ நெஞ்சுக்குள் மத்தளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. அது தாடி ஐயா, தாடி! மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே நைல் நதி நாட்டை ஆண்ட ஒரு பெண் நாடியிலே அணிந்த தாடியின் தம்பி. தொண்ணூறுகளில் ஒரு தைமாதம், மொன்றியலில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டிய ஒரு பின்னேரம், என் மச்சாள் கட்டிக்கொண்ட தாடி.

மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. அண்ணை ஸ்பொன்சர் பண்ணி வந்தவர். அப்போது நாங்கள் மூவரும் டோர்வலில், விமானங்கள் கூரையை நக்கிக்கொண்டு இறங்குகிற ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தோம். விமானம் ஒன்று போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் தங்களுக்குள் கதைக்கும். அண்ணைக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. எனக்கும் மச்சாளுக்கும் பக்கத்திலேயே, விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் வேலை. தலையில் வலை, கையில் உறை, முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் ரப்பர்ப் பட்டி. கோழியும் சோறும் நிரப்பி, வெள்ளித்தாளால் மூடி, விளிம்பை மடித்துவிட்டால் அது எங்கெங்கோ பறந்துபோகும். நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவோம்.

சனிக்கிழமைகளில் மச்சாளுக்குப் பிரெஞ்சு வகுப்பு. படிப்பித்த பெண் கெட்டிக்காரி. பெரிய புத்தகங்களைக் கண்டு பயப்படாதீர்கள், நூலகத்தில் சின்னப்பிள்ளைகளின் படப்புத்தகங்களை எடுத்து வாசியுங்கள் என்று சொல்லியிருந்தாள். மச்சாள் எடுத்துக்கொண்டு வந்தது எகிப்து அரசர்களின் புத்தகம். அட்டையில் தங்க முகம், நெற்றியில் படமெடுத்த பாம்பு. அன்றைக்குக் குசினியிலிருந்து ஒரு சத்தம்: "தம்பி, ஓடி வாரும்! இந்த மனுசியைப் பாரும். மனுசி தாடியோட நிக்குது!" அடுப்பில் முட்டைக்கறி கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

ஹட்செப்சுட். மன்னனின் மகள், இன்னொரு மன்னனின் மனைவி. புருஷன் செத்தபோது முடிக்குரிய பையனோ சின்னவன், இவள் வயிற்றில் பிறக்காதவன், துத்மோஸ் என்று பெயர். அவன் வளரும்வரைக்கும் நாட்டைப் பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் முடியையும் எடுத்து வைத்துக்கொண்டாள்! அரசர்கள் கட்டும் பொய்த் தாடியையும் கட்டிக்கொண்டாள். இருபது வருஷம் மட்டில் ஆண்டாள். செங்கடலோரம் கப்பல் அனுப்பி, புண்ட் என்கிற தூர தேசத்திலிருந்து வாசனைப் பிசின் மரங்களை வேரும் மண்ணுமாகக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து நட்டாள். மலையடிவாரத்தில் படிப்படியாக ஏறுகிற கோயில் கட்டி, அந்தக் கப்பல்களையும் மரங்களையும் சுவரிலே செதுக்கினாள். வானத்தைக் குத்துகிற ஒற்றைக்கல் தூண்களை நிறுத்தினாள். அந்த நாட்டு அரசரைக் குறிக்கிற ஃபாரோ என்ற சொல்லுக்கு முதற்பொருளே 'பெரிய வீடு' என்றுதானாம். மச்சாள் பிரெஞ்சில் எழுத்துக்கூட்டி வாசிப்பார், தமிழில் சொல்லுவார், நடுவே விமானம் போனால் நிறுத்துவார், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஹட்செப்சுட் செத்தபிறகு, காலம் கழித்து, அவளுடைய பெயரை உளியால் கொத்தி அழித்தார்கள் என்ற பக்கம் வந்தபோது மச்சாள் புத்தகத்தை மூடிவிட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நீர் கவிதை எண்டு ஏதோ எழுதுறனீர்தானே. இதைக் கூத்தா எழுதும். நான் ஆடுறன்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் கூத்து உண்டு. ராசா வேசம் எப்போதும் அண்ணைக்குத்தான். நெஞ்சு அகலம், குரலோ குளத்துக்கு அக்கரை கேட்கும். ராணி வேசத்துக்கும் மீசை வழித்த ஆம்பிளைதான் வருவார், கூத்தின் வழமை அப்படி. மச்சாள் உடுப்புத் தைப்பார், முகத்துக்குப் பூசிவிடுவார், ஆட்டம் தொடங்கியதும் மறைப்புக்குப் பின்னால் நின்று அத்தனை தருப்பாட்டையும் வாய்க்குள் பாடுவார். அடி எடுத்து வைக்கும்போது அண்ணை தடுமாறினால் பின்னால் நிற்கிற மச்சாளின் கால் தானாகச் சரிபண்ணும். நான் கண்டிருக்கிறேன்.

சங்கத்துத் தலைவர் மச்சாளின் யோசனையைக் கேட்டுவிட்டு வாய்க்குள்ளிருந்த வடையை விழுங்க மறந்துபோனார். "எகிப்தோ? ஏன், எங்கட ராசாக்கள் எல்லாரும் செத்துப்போச்சினமோ?"

"ஓம் தலைவர், எல்லாரும் செத்துத்தான் போச்சினம்," என்றார் மச்சாள். "அவையள் செத்தும் ஆடுகினம். இவவும் ஒருக்கா ஆடட்டுமன்."

"பொம்பிளை ராசாவா வந்தால் சனம் சிரிக்கும் பிள்ளை."

"ஆம்பிளை ராணியா வரேக்க சிரிக்காத சனம், இதுக்குச் சிரிக்குமோ?"

தலைவர் வடையை ஒருவழியாக விழுங்கினார். பிறகு ஒரு நிபந்தனை வந்தது. "சரி, ஒருக்கா ஆடிப்பாரும். சபையில ஏதும் பிழைச்சுதோ, இனி இந்தச் சங்கத்தில பொம்பிளையளுக்கு ராசா வேசம் எண்ட கதையே எடுக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்." மச்சாள் ஓம் என்றார். அந்த ஓம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எங்களுடன் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது.

வீட்டில் இன்னொரு ராசா இருந்தார் அல்லவா! அண்ணை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடி, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நான் ஆர்?"

"நீங்கள் துத்மோஸ். முடிக்குக் காத்திருக்கிறவர்," என்றார் மச்சாள்.

"அவர் என்ன செய்வார்?"

"இருப்பார்."

"எவ்வளவு நேரம்?"

"நான் சாகுமட்டும்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கறிச்சட்டிக்குள் பார்த்தேன். பிறகு அந்தப் பெரிய நெஞ்சு குலுங்கத் தொடங்கியது, சிரிப்பு. "இஞ்சரும், கலியாணத்தண்டு ஐயர் இதைச் சொல்லேல்லை!" என்றார். அவ்வளவுதான், சம்மதம்.

அந்த மார்கழியை எப்படிச் சொல்ல! வேலையில் பட்டி ஓட, மச்சாளின் கால்கள் பட்டிக்குக் கீழே தாளம் போடும். ஒரு தட்டுக்கு ஓர் அடி. நான் எழுதிய வரிகளை அவர் மென்று பார்த்து, "இது காலுக்கு வருகுதில்லை, மாத்தும்" என்பார். மாற்றுவேன். வரி காலுக்கு வருகிறதா என்ற கேள்வி அந்த நாட்களில் பிடித்துக்கொண்டது, இன்றுவரை என்னை விடவில்லை. கோடுபோட்ட கட்டில்விரிப்பு ஒன்றுக்குக் கஞ்சி போட்டு எகிப்து அரசர்களின் தலைத்துணி ஆக்கினார் மச்சாள். புண்ட் தேசத்து மரங்கள்? நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்ததும் புவாண்ட்-கிளேர் தெருவோரங்களில் சனம் நத்தார் மரங்களை எறிந்து வைத்திருந்தது. அண்ணையும் நானும் பொறுக்கி, கடன் வாங்கிய காரின் மேல் கட்டிக்கொண்டு வந்தோம். உடுப்புக் கழுவுகிற கூடைகளில் அவற்றை நட்டோம். ஊசியிலை வாசம் வீட்டை நிறைத்தது. மச்சாள் மூச்சை இழுத்துவிட்டு, "பாத்தீரே தம்பி, கப்பல் வந்திட்டுது!" என்றார்.

தாடிக்கு அகப்பைக் காம்பு, வெள்ளித்தாள். அதைக் கட்டுவதில்தான் பிரச்சினை. புத்தகத்தில் அரசர்களுக்குத் தாடி நாடா காதோரமாகத் தாடையை ஒட்டிப் போகிறது. அண்ணை ஒத்துக்கொள்ளவேயில்லை. கூத்துக்காரன் தாடி நாடாவைக் கிரீட முடிக்கு மேலால் எடுத்து உச்சியில்தான் கட்டுவான், அதுதான் முறை, தான் எத்தனை வருஷம் கட்டி ஆடியவன் என்றார். விழாவன்று மறைப்புக்குப் பின்னால், கஞ்சி போட்ட அந்த வழவழத் தலைத்துணிக்கு மேலால் நாடாவைக் கொண்டுபோய் உச்சியில் முடிச்சுப் போட்டவரும் அவர்தான். கூத்து முடி என்றால் மரமும் கண்ணாடியும் கொளுக்கியும், நாடா பிடித்துக்கொள்ளும். இது கட்டில்விரிப்பு!

பாடசாலை மண்டபம் நிரம்பியிருந்தது. கதிரைகளெல்லாம் குளிர்ச்சட்டைகள், தரையெல்லாம் உருகிய பனி. மத்தளத்துக்கு இருந்தவர் சென்னையிலிருந்து எப்போதோ வந்து வேரூன்றிவிட்ட ஒரு பொறியியலாளர், மிருதங்கக்காரர். கூத்துக்கு இதுதான் முதல்தடவை. "நீங்க ஆடுங்க மேடம், நான் புடிச்சுக்குறேன்" என்று தைரியம் சொல்லியிருந்தார். மேடையின் ஒரு பக்கத்தில் முக்காலி. அதில் அண்ணை, துத்மோசாக, கைகளை முழங்காலில் வைத்துச் சிலை போல. இரண்டு பேர் பிடித்த வெள்ளைச் சீலைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். நான் ஓரமாக நின்று வரவுப் பாட்டை எடுத்தேன்:

நீலநதி நாடாளும் ராசா வந்தாரே — பொன்
நெற்றியிலே நாகமது நெளிய வந்தாரே
நாடியிலே தாடியது மின்ன வந்தாரே — தன்
நாமமதைக் கல்லுரைக்க நடந்து வந்தாரே

சீலை விலகியது. மச்சாள் வந்தார். இல்லை, மச்சாள் வரவில்லை. தோள் வேறு, நடை வேறு, கண் வேறு. ஒரு முழு நாடு நடந்து வந்தது. மண்டபம் மூச்சைப் பிடித்தது. மூன்றாம் வரி. தாடியது மின்ன. மச்சாள் தலையை வெட்டித் திருப்பினார். உச்சியிலிருந்த நாடா கஞ்சித் துணியில் வழுக்கி முன்னால் வர, அகப்பைக் காம்பு டொங்கென்று மேடையில் விழுந்து உருண்டது.

சிரிப்பு. முதலில் பின்வரிசை, பிறகு முழு மண்டபம். "ராசா, உங்கட தாடி கழண்டுபோச்சு, இறங்குங்கோ!" என்று ஒரு குரல். மத்தளம் தடுமாறி நின்றது. முன்வரிசையில் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார், நான் சொன்னேனே என்கிற சாய்வு. மச்சாள் அசையவில்லை. குனியவும் இல்லை. ராசா குனியக்கூடாதல்லவா! ஆனால் மத்தளமில்லாமல் அடுத்த அடியும் எடுக்க முடியாது. இன்னும் ஒரு நிமிஷம் அப்படி நின்றிருந்தால் அந்தப் பெண்ணரசர் இரண்டாம் தடவை அழிந்திருப்பார், இந்த முறை உளிகூட வேண்டியிருக்காது.

அப்போது முக்காலி கிறீச்சிட்டது.

கடைசிக் காட்சி வரைக்கும் அசையக்கூடாத துத்மோஸ் எழும்பினார். சலங்கை குலுங்க, தாளக்கட்டைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு, தா கிட தோம் என்று அடி வைத்து வந்தார். பொறியியலாளர் டக்கென்று பிடித்துக்கொண்டார். மத்தளம் மறுபடி எழுந்தது. அண்ணை மேடையைச் சுற்றி ஓர் ஆட்டம் ஆடி, தாடியைக் குனிந்து எடுத்து, மனைவிக்கு முன்னால் முழங்காலில் நின்றார். ஊரெல்லாம் ராசாவாகவே பார்த்த மனிதர்! அந்தக் குளத்துக்கு அக்கரை கேட்கும் குரலில் சபைக்குச் சொன்னார்: "பிழை முடிச்சில மகாராசா! முடிச்சுப் போட்டவன் நான். ராசாவில பிழையில்லை!" எழுந்து நின்று, புத்தகத்துப் படத்தில் இருந்தபடியே, தலைத்துணிக்குக் கீழால், காதோரமாக, தாடையை ஒட்டிக் கட்டினார். இறுக்கினார். பிறகு பின்வாங்கிப் போய் முக்காலியில் அமர்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார், காத்திருக்க.

மண்டபம் வெடித்தது! அது வேறு சிரிப்பு, கைதட்டல் கலந்த சிரிப்பு. பொறியியலாளர் மத்தளத்தை அடித்தபடியே "சபாஷ்!" என்று கத்தினார். மச்சாள் விட்ட அடியிலிருந்து எடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. நத்தார் மரங்கள் கூடையில் ஊர்வலம் வந்தன, கப்பல்கள் அசைந்தன, கல்தூண்கள் எழுந்தன. கடைசியில் அண்ணை உளியோடு வந்தார். அந்த ராணியின் கல்தூண் ஒன்றைச் சுற்றி மதில் எழுப்பி மறைத்தார்களாம். மறைத்த அந்த மதிலே எழுத்துகளை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காத்துக் கொடுத்துவிட்டதாம். அதனால் முடிவை நாங்கள் இப்படி வைத்திருந்தோம்: வரவுக்குப் பிடித்த அதே வெள்ளைச் சீலையை மச்சாளுக்கு முன்னால் மதிலாகப் பிடித்தார்கள். சபைக்கு அவர் மறைந்தார். சீலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. எத்தனையோ வருஷம் மறைப்புக்குப் பின்னால் நின்று வாய்க்குள் பாடிய அதே குரல், இந்த முறை வாய் திறந்து.

வெளியே வரும்போது தலைவர் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, பிழைச்சதுதான். ஆனா முடிச்செல்லோ பிழைச்சது." அடுத்த பொங்கலுக்கு ராசா வேசம் கேட்டு நின்ற பெண்களைச் சமாளிக்க அவர் பட்ட பாடு தனிக்கதை.

இப்போது கர்க்லாண்டில் விமானச் சத்தம் இல்லை. கோப்பைகள் மௌனம். அண்ணைக்கு முழங்கால் மாற்றியாயிற்று, இனி அந்த மனிதரை முழங்காலில் நிறுத்த ஒருவராலும் முடியாது. பேணியிலிருந்து வந்த தாடியை அண்ணையின் பேத்தி பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வரும், தமிழ் விருந்தாளி. நகத்தால் நாடாவின் முடிச்சை நோண்டத் தொடங்கினாள்.

"அவிழ்க்காதை!" என்றார் மச்சாள். அறுபது தாண்டிய குரல், ஆனால் மண்டபத்தை நிறுத்திய குரல். "அது கட்டினபடியே இருக்கட்டும்."

சாய்கதிரையில் இருந்த அண்ணை யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்காதவர் போல. அன்றைக்கு ஆட்டம் முடிந்து மச்சாள், அண்ணை போட்ட முடிச்சை அவிழ்க்காமல், அந்தத் தாடியைத் தலையால் கழற்றியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேத்தி நாடாவைத் தன் தலையால் மாட்டி, வெள்ளித்தாளைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் போய்க் கேட்டாள், தட்டித் தடுமாறித் தமிழிலேயே: "தாத்தா, இது உங்கட தாடியா?"

"இல்லையம்மா," என்றார் அண்ணை, பனியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது ராசாவின்ர."