இடுக்கியில் ஒட்டிய இரும்பு

ஈப்போவிலிருந்து தெற்கே போன பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் விரல் நுனிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவராம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பலமாக விலக்கும் படிகத்தில் வேறொரு தனிமத்தைத் துளி கலந்தால் அதன் காந்தத்தன்மையே மாறிவிடும் என்றார்.

“நாலு வருசம் செஞ்சேண்ணே. காந்தம் வந்துச்சு, எல்லாரும் கைதட்டுனாங்க. அப்புறம் பாத்தா, கலந்ததால வந்ததில்ல. படிகத்தப் புடிச்சு எடுக்குற என் இடுக்கியிலேருந்து ஒட்டுன இரும்புத்தூள்லா அது.”

“யாருக்கும் தெரியாதேம்மா. பேசாம இருந்திருக்கலாமே?”

“எனக்குத் தெரியுமே.”

அவரே போய்ப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறார். வெளியாகியிருந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். உதவித்தொகையும் நின்றது, படிப்பு பாதியிலேயே முடிந்தது. இப்போது டியூஷன் வேலை.

தாப்பாவில் அவர் இறங்கினார். ஆபீஸில் தப்பென்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்ட நாட்களை நினைக்கத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் கழித்துத் தஞ்சோங் மாலிம் வந்தும் நினைத்து முடியவில்லை.