எக்ஸ்ரே படத்தில் வெட்டிய இறக்கைகள்

அண்ணன் செய்த ராக்கெட் மேலே போகக் கூடாது என்று எங்கள் தோட்டத்தில் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். அதற்கு இறக்கை கொடுத்தவளும் நான்தான்.

எங்களுடையது புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். எங்களுடையது என்றால் குடியிருந்தது என்று பொருள். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணனுக்குப் பதினான்கு, கோலசிலாங்கூர் பள்ளியில் இரண்டாம் படிவம். நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்து, அதிலிருந்த ராக்கெட் வரைபடத்தை எண்ணெய்த் தாளில் அப்படியே ஒற்றி எடுத்திருந்தான். உண்மையான ராக்கெட்டின் நாற்பதில் ஒரு பங்கு. அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கோணிக்கொண்டு போய் வேலை ஏவும் மண்டோர் வீட்டுக் கூரையில் விழும் என்று எங்களைப் பயமுறுத்திக்கொண்டே செய்தான். பழைய பேப்பரைத் துடைப்பக் கட்டையில் சுற்றி, மைதா பசை தடவிக் காயவைத்தால் உடம்பு தயார். பள்ளிக் காலணிக்குப் பூசும் வெள்ளைதான் அதற்குப் பெயின்ட். உள்ளே செருக, தீபாவளிக்குச் சீனர் கடையில் வாங்கி மிச்சம் வைத்திருந்த வாணம் ஒன்று இருந்தது. எல்லாம் பொருந்தியது, இறக்கை மட்டும் பொருந்தவில்லை. அட்டை வளைந்தது. தகரம் கனத்தது. பலகையை அவ்வளவு மெல்லிசாக யாராலும் சீவ முடியவில்லை.

"மெல்லிசா இருக்கணும், வளையக்கூடாது, தண்ணி பட்டாலும் ஊறக்கூடாது. எங்கயாச்சும் தேடிப் பாரு லா," என்றான் அண்ணன். என்னை ஒரு வேலைக்கு ஏவும்போது மட்டும் அவனுக்கு என்மேல் பெரிய மரியாதை வந்துவிடும்.

தேடினேன். அலமாரிக்கு மேலே ஒரு பழுப்பு உறை. உள்ளே அப்பாவின் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படங்கள் இரண்டு. ஒன்று போன வருடத்தது, இன்னொன்று அந்த மாதம் எடுத்தது. எங்கள் லயத்து வீடுகளில் எக்ஸ்ரே படம் அதிசயமான பொருளல்ல. ஒரு வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக யாருடைய தொடை எலும்போ பல வருடமாக வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. புதுச் சட்டை வந்தால் பழையது கைத்துணியாகிவிடும், படமும் அப்படித்தான் என்று என் புத்தி கணக்குப் போட்டது. பழையதை எடுத்துக்கொண்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தூக்கிப் போட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே. வரைபடத்திலும் இறக்கை கறுப்புதானாம். விலா எலும்புகளின் குறுக்கே அளந்து நான்கு இறக்கைகளை வெட்டி, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் ஒட்டினான்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா துணி மடித்துக்கொண்டே அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதை நினைவுபடுத்தினாள்.

"பழைய படத்த மறந்துடாதீங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு டாக்டருக்குத் தெரியுமாம்."

அப்பா இருமினார்.

 அப்பாவின் இருமல் சாதாரண இருமல் இல்லை என்று எனக்கும் தெரியும். முந்திய வருடம் மூன்றாவது வீட்டு மாமாவுக்கு இப்படித்தான் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். வேலை போனது. வேலையோடு ஒட்டிய வீடு என்பதால் வீடும் போனது. அத்தையும் பிள்ளைகளும் சட்டி பானையோடு லோரியில் ஏறிப் போனதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது டாக்டர் பழைய படத்தைக் கேட்பார், அப்பா வெறும் கையை விரிப்பார், மருந்து கிடைக்காது, அப்பா செத்துப்போவார். காரணம் நான். இதை நான் ஒரு நாள் முழுக்க நம்பினேன். சோறு இறங்கவில்லை.

அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து இறக்கையை நகத்தால் பிய்த்துப் பார்த்தேன். டியூப் பசை லேசில் விடுமா? வந்து பார்த்தவன் என் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, ராக்கெட்டைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நேரே அம்மாவிடம் போவான், அம்மா விறகுக்கட்டையை எடுப்பாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ராக்கெட் பறக்காமல் புஸ்ஸென்று போய்விட வேண்டும். அண்ணன் வெறுத்துப்போய் அதைத் தூக்கி எறிவான். நான் எடுத்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, நான்கு துண்டுகளையும் பழைய இடத்தில் பொருத்தி ஒட்டிவிடுவேன்.

ஞாயிறு மாலை பந்துத் திடலில் பாதித் தோட்டம் கூடிவிட்டது. குடைக்கம்பி ஒன்றை நிலத்தில் குத்தி, அதில் ராக்கெட்டை நிறுத்தியிருந்தான் அண்ணன். அம்மா வரவில்லை. அப்பா வந்து, கோல்கம்பத்தில் சாய்ந்து நின்றார். பிள்ளைகள் எல்லாம் பின்னோக்கி எண்ணினார்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாரியாத்தா, இது போகக் கூடாது, இது போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனது. கொஞ்சமும் கோணாமல், சீறிக்கொண்டு, செம்பனை மரங்களுக்கு மேலே இன்னும் மேலே போனது. திடலே கைதட்டியது. அண்ணன் குதித்தான். அது உச்சியில் ஒரு கணம் நின்று, காற்றில் ஒதுங்கி, மரங்களுக்குள் எங்கோ விழுந்தது. நான் அழ ஆரம்பித்தேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்து வீட்டு அக்கா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தேடப் போனார்கள். நான் அப்பா போன மர வரிசையில் ஓடினேன். வெட்டிய பனைமட்டை அடுக்கியிருந்த இடத்தில் அது கிடந்தது. உடம்பு நசுங்கிப் பாதி கருகியிருந்தது, இறக்கை நான்கும் இருந்தன. அப்பா குனிந்து எடுத்தார். வெயில் சாய்ந்து மரங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. ஓர் இறக்கையை அந்த வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெள்ளை வெள்ளையாக மூன்று கோடுகள் தெரிந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது என் நெஞ்செலும்புதானே, பாப்பா?"

 தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்போல மூச்சுவிட்டார். அதைத் தொடர்ந்து இருமலும் வந்தது. ராக்கெட்டை மட்டை அடுக்குக்கு அடியில் தள்ளி, மேலே இன்னும் இரண்டு மட்டைகளை இழுத்துப் போட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாத. நான் பாத்துக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி, பழுப்பு உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அன்று பள்ளியில் நான் என்ன படித்தேன் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. சாயங்காலம் திரும்பி வந்தார். பஸ்ஸில் உறையைப் பிரித்தபோது பழைய படம் நழுவி விழுந்துவிட்டதாகவும், அது இல்லாமல் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டதாகவும் அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அப்பாவை எனக்கு அன்றைக்குப் பிடித்ததுபோல் அதற்கு முன்பு பிடித்ததில்லை. ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன்.

கையில் ஒரு பை நிறையக் கெரோப்போக் என்ற பொரித்த மீன் அப்பளம் கொண்டுவந்திருந்தார். அண்ணன் ஒன்றைக் கடித்ததுமே, இது கோலசிலாங்கூரில் தன் பள்ளிக்குப் பின்னால் ஆற்றோரத்தில் மலாய்க்கார அம்மா பொரித்து விற்பது, இந்த ருசி வேறெங்கும் வராது என்றான். அப்பா சட்டையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

கிள்ளான் எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே. கோலசிலாங்கூர் வடக்கே. தெற்கே டாக்டரைப் பார்க்கப் போனவர் வடக்கேயிருந்து தின்பண்டம் வாங்கி வருவது எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் பங்கையும் நானே தின்றேன்.